கெப்போங் காட்டில் அப்பாவோடு ஒரு நாள்

"பால்மரம் பாலுக்குத்தான் ஆகும், பலகைக்கு ஆகாது." எங்கள் தோட்டத்தில் வழங்கிய பேச்சு இது. சின்ன வயதில் நானும் இதை வேதவாக்காக நம்பினேன். நம்புவதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியின் கதையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பயணத்திற்கு வருகிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1991-ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். சோதனைக்குப் படிக்க மேசை இல்லை. லயத்து வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவேன். அந்தச் சமயம் எங்கள் தோட்டத்தில் கிழட்டுப் பால்மரங்களை எல்லாம் சாய்த்துச் செம்பனை போட ஏற்பாடாகியிருந்தது. அப்பா கிராணியிடம் கேட்டு, தாம் வெட்டிய நிரையிலேயே ஒரு மரத்தின் அடிக்கட்டையை வாங்கி வந்தார். அதை அறுத்து, சீவி, ஒரு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து எனக்கொரு மேசை செய்தார். வெண்ணெய் நிறத்தில் அந்த மேசை எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

நான்கு மாதம் சென்றிருக்கும். மேசைக்கு அடியில் மஞ்சள் மாவு போல் பொடி கொட்டத் தொடங்கியது. அம்மா கூட்டக் கூட்ட மறுநாளும் கொட்டும். பலகையெங்கும் ஊசியால் குத்தியது போலத் துளைகள். சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு கால் ஒடிந்து மேசை சாய்ந்தது. அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை அதை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மரவேலைக்கு என்று கருவியைக் கையில் எடுத்ததே இல்லை.

அந்த அப்பாவுக்கு இப்போது வயது எழுபத்து நான்கு. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற பள்ளித் தவணையில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர் இருபத்திரண்டு பேரைக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திற்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். பேருந்தில் ஓர் இருக்கை மீதம் இருந்தது. "நீங்களும் வாங்களேன் அப்பா" என்றேன். "காட்டப் பாக்கறதுக்கா? நான் பாக்காத காடா தம்பி?" என்று கேட்டார். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்!

வழியில் ஒரு பழைய தோட்டம்

எங்கள் ஊர் கோல சிலாங்கூர் வட்டாரம். அங்கிருந்து அசாம் ஜாவா, ஈஜோக், சுங்கை பூலோ வழியாகக் கெப்போங் செல்ல வேண்டும். முன்பு இந்தச் சாலையின் இருபுறமும் பால்மரங்கள் அணிவகுத்து நிற்கும். இப்போது செம்பனை, அதை விட்டால் வீடமைப்புத் திட்டங்கள்.

சுங்கை பூலோவை நெருங்கும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய சோதனைத் தோட்டம் இருந்த இடம் அது. 1925-இல் தொடங்கப்பட்ட அக்கழகம் உருவாக்கிய இரகங்களின் பெயர்களைப் பால்வெட்டுத் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிவார். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இரகத்தைத்தான் அப்பா நெடுங்காலம் வெட்டினார். இன்று அந்த நிலத்தின் பெரும்பகுதி புதிய நகரமாகிவிட்டது. மரங்கள் நின்ற இடத்தில் எம்.ஆர்.டி. இரயில் ஓடுகிறது.

"தாத்தா, பால்மரம் எப்படி இருக்கும்?" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கேட்கும் கேள்வியா இது! அவள் பிறந்ததிலிருந்து செம்பனையைத் தவிர வேறு பயிரைப் பார்த்ததில்லை. குற்றம் அவளுடையதன்று. கோயிலுக்குப் பின்னால் நிற்கும் ஐந்தாறு மரங்கள் என்ன மரம் என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

லாலான் காடு வனமான கதை

கெப்போங் கழகத்தின் வாசலைத் தாண்டியதும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. வானை மறைக்கும் மரங்கள். "சார், இது எத்தனை ஆயிரம் வருசத்துக் காடு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்களை அழைத்துச் செல்ல வந்த அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி, சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எல்லாரையும் திகைக்க வைத்தது. "இந்த மரங்களில் பெரும்பாலானவை மனிதர் கையால் நட்டவை. நூறு வயதுகூட ஆகவில்லை" என்றார்.

1926 வாக்கில் ஃபாக்ஸ்வொர்தி என்ற வன ஆராய்ச்சியாளர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே காடே இல்லை. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களும், காய்கறித் தோட்டங்களும், லாலான் புல்லும்தான் இருந்தன. அந்த வறட்டு நிலத்தில் நம் நாட்டுக் காட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். 1929-இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1985-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அது இன்றுள்ள கழகமாக மாறியது. கெட்டுப்போன நிலத்தில் மழைக்காட்டை மீண்டும் எழுப்ப முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கும் இந்த வனத்தை 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை இடமாக அறிவித்தது.

கபூர் மரங்கள் நிற்கும் பகுதியில் தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார்கள். என்ன அதிசயம்! ஒரு மரத்தின் இலைக்கூட்டம் அடுத்த மரத்தின் இலைக்கூட்டத்தைத் தொடவில்லை. இடையிடையே வானம் சிற்றோடை போல் வளைந்து வளைந்து தெரிகிறது. அப்பா கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். "ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்காம நிக்குது பாரு. நம்ம லயத்து ஆளுங்க இதப் பாக்கணும்" என்றார்.

மூன்று மரத்துண்டுகள்

பிற்பகலில் மரங்களின் மாதிரிகளை வைத்திருக்கும் கூடத்திற்குச் சென்றோம். செங்கால், மெரந்தி, கெம்பாஸ் என்று பல வகை. அதிகாரி மூன்று துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நீலமும் கறுப்புமாகக் கறை படிந்திருந்தது. இன்னொன்றில் ஊசித் துளைகள். தட்டியதும் மஞ்சள் பொடி கொட்டியது. மூன்றாவது, வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

அப்பா இரண்டாவது துண்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பொடியை விரலால் தேய்த்தார். "இது பால்மரம்" என்றார். "ஆமாம் பாக்சிக். மூன்றுமே பால்மரம்தான்" என்றார் அந்த அம்மையார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை என்னால் இயன்றவரை எளிய தமிழில் எழுதுகிறேன்.

பால்மரம் தன் கட்டைக்குள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேர்த்து வைத்திருக்கிறது. செங்கால் போன்ற மரங்களுக்கு உள்ளே கடினமான வைரம் பாய்ந்திருக்கும். பூச்சிக்கு ஆகாத சத்துகள் அதில் உண்டு. பால்மரத்தில் அப்படிப் பிரித்தறியும் வைரம் இல்லை. ஆகவே மரம் சாய்ந்த சில நாட்களிலேயே பூஞ்சை உள்ளே புகுந்துவிடுகிறது. அதுதான் நீலக்கறை. பின்னர் ஒரு சின்ன வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகிறது. அதன் புழு உள்ளேயிருந்து மாவுச்சத்தைத் தின்று, வளர்ந்து வண்டானதும் துளையிட்டு வெளியே வருகிறது. அது தள்ளிவிடும் தூள்தான் நாம் காணும் மஞ்சள் பொடி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேசை நன்றாகத்தான் தெரியும். உள்ளே உளுத்திருக்கும்.

இதற்கு மருந்து என்ன? காலம் தாழ்த்தாமை, மருந்தூட்டல், உலர்த்தல் என்று மூன்றைச் சொன்னார். மரத்தைச் சாய்த்த ஓரிரு நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். அறுத்த பலகைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். கரைசல் பலகையின் நடுப்பகுதி வரை ஊறுகிறது. பிறகு சூளை அறையில் வைத்து, பலகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே ஈரம் இருக்கும்படி உலர்த்துகிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பலகையைப் பூஞ்சையும் வண்டும் நெருங்குவதில்லை.

போரான் உப்பு என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். பத்தர் நகை பற்றவைக்கும்போது போடும் வெங்காரம்தான் அது. கேரம் பலகையில் காய் வழுக்கித் தூவும் மாவு இருக்கிறதே, அதுவும் இதன் உடன்பிறப்பான போரிக் அமிலம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். "விளையாட்டுச் சாமான்தானே என்று வாயில் வைத்துவிடாதீர்கள். தின்றால் நஞ்சு" என்று அந்த அம்மையார் எச்சரித்தார்.

முன்னாளில் நீலக்கறையைத் தடுக்கப் பலகையைப் பென்டாகுளோரோபீனேட் என்ற கடும் இரசாயனத்தில் முக்கி எடுத்தார்களாம். அது தொழிலாளியின் தோலுக்கும் ஆற்று மீனுக்கும் கேடு. அதைக் கைவிட்டுக் கேடு குறைந்த முறைகளைத் தேடியதும் ஆராய்ச்சியின் வேலைதான். போரானுக்கும் ஒரு குறை உண்டு. அது நீரில் கரையும். மழையில் நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகையால் இந்தப் பலகை வீட்டுக்குள் போடும் நாற்காலி, கட்டில், அலமாரிக்கே ஏற்றது. வேலிக்கும் பாலத்திற்கும் ஆகாது.

அடுப்புக்குப் போனது, அயல்நாட்டுக்குப் போகிறது

ஒரு காலத்தில் பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த பிறகு அதற்கு என்ன மதிப்பு? ரப்பர் பாலை உறையவைத்து எடுத்த தகடுகளைப் புகைபோடும் கூண்டுக்கு விறகு. நம் அம்மாமாரின் அடுப்புக்கு விறகு. பிறையில் 1967-இல் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலையின் ஊதுலைக்குக் கரி. மிச்சத்தைக் குவித்துக் காட்டிலேயே கொளுத்துவார்கள். நாள் கணக்கில் புகையும்.

கெப்போங்கிலும் பிற இடங்களிலும் நடந்த ஆராய்ச்சியின் பயனாக 1970-களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மர நாற்காலி மேசைகளில் பெரும்பகுதி பால்மரத்தால் ஆனவை. ஜொகூரில் மூவார் பட்டணம் இந்தத் தொழிலுக்கே பெயர் பெற்றது. நாற்காலிக்கு உதவாத கிளைகளையும் துண்டுகளையும் நாராக்கிப் பசை சேர்த்து அழுத்தி எம்.டி.எஃப். பலகை செய்கிறார்கள். அந்தப் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி கண்ணையும் மூச்சையும் உறுத்தும் என்பதால், அதைக் குறைக்கும் ஆராய்ச்சியும் தொடர்ந்து நடக்கிறது.

இதில் இன்னொரு நன்மை உண்டு. இந்த மரத்திற்காக யாரும் கன்னிக் காட்டை அழிக்க வேண்டியதில்லை. முன்பே பயிரிட்டு, பால் எடுத்து முடித்த மரம் அது. கரும்பைப் பிழிந்த பின் சக்கையையும் பயன்படுத்துவது போல என்று சொல்லலாம். கொளுத்தினால் புகையாகிக் காற்றைக் கெடுப்பது, மேசையானால் ஒரு தலைமுறைக்கு உழைக்கிறது.

ஆனால் மரம் குறைந்துகொண்டே வருகிறது. 1980 வாக்கில் நம் நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டரில் பால்மரம் இருந்தது. இப்போது அதில் பாதியை ஒட்டியே இருக்கிறது. செம்பனையோ 50 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. உள்நாட்டு ஆலைகளுக்கே பலகை போதாமல், 2017 ஜூலையில் ரப்பர் பலகை ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. ஆகவே செம்பனைத் தண்டைப் பலகையாக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். செம்பனைத் தண்டு மரமே அன்று. நாரும் நீரும் சர்க்கரையும் கலந்த பஞ்சு மாதிரி. உலர்த்துவதற்குள் படாத பாடு பட வேண்டும். இருந்தாலும் அதன் வெளிப்புறப் பகுதியிலிருந்து ஒட்டுப்பலகை செய்யக் கற்றுவிட்டார்கள். குலையிலிருந்து பழம் உதிர்த்த பிறகு எஞ்சும் வெறுங்குலையின் நார் மெத்தைக்கும் பயன்படுகிறது.

அப்பா கேட்ட கேள்வி

விளக்கம் முடிந்ததும் அப்பா மெல்லக் கேட்டார், தமக்குத் தெரிந்த மலாயில். "இந்த மருந்து எப்ப கண்டுபிடிச்சது?"

"எழுபதுகளிலேயே தெரியும் பாக்சிக்" என்றார் அதிகாரி.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் மனத்தில் ஓடிய கணக்கு எனக்குப் புரிந்தது. மேசை செய்தது 1991-இல். எங்கள் தோட்டத்திலிருந்து கெப்போங் அறுபது கிலோமீட்டர் இருக்கும். அந்த அறுபது கிலோமீட்டரைக் கடந்து ஒரு செய்தி லயத்திற்கு வந்து சேரவில்லை. "அப்ப நான் செஞ்ச தப்பு இல்லியா தம்பி?" என்று தமிழில் கேட்டார். முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளாக அந்த மேசையைத் தம் கைக்குற்றம் என்றே அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இல்லப்பா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

அந்த அம்மையாருக்கு என்ன புரிந்ததோ, பால்மரத்தைப் பற்றி அப்பாவிடமே விசாரிக்கத் தொடங்கினார். அப்பா பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பால் பட்டையில்தான் இருக்கிறது, கட்டையில் இல்லை. உளி பட்டையைச் சீவ வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை கரடு கரடாக முண்டு கட்டும். "என் நிரையில முண்டு கட்டுன மரம் ஒண்ணு காட்ட முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அதிகாரி தலையசைத்தார். "பலகைக்கு ஏற்றது அந்த அடிமரம்தான் பாக்சிக். அதில் காயம் இல்லாமல் இருந்தால் நல்ல பலகை வரும். உங்களைப் போல வெட்டியவர்களால்தான் எங்களுக்கு நல்ல மரம் கிடைத்தது" என்றார். அப்பா அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்த அம்மையார் மருந்தூட்டிய துண்டொன்றைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அது அவர் மடியிலேயே இருந்தது.

வகுப்பறையில்

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் யார் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறரைக் குறை சொல்வது எளிது. நான் இருபது ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். உருளைக்கிழங்கில் அயோடின் சொட்டினால் கருநீலமாகும், மாவுச்சத்து இருக்கிறது என்று ஆண்டுதோறும் செய்து காட்டுகிறேன். அந்தச் சொட்டை ஒரு பால்மரத் துண்டின்மேல் விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. கோயிலுக்குப் பின்னால்தானே மரம் நிற்கிறது!

அடுத்த வாரம் கோயில் மரத்தில் ஒடிந்து தொங்கிய பச்சைக் கிளையை அறுத்து வகுப்புக்குக் கொண்டுவந்தேன். அயோடின் விட்டோம். வெட்டுமுகம் கறுத்தது. பால்மரம் எப்படி இருக்கும் என்று கேட்ட அதே சிறுமி, "சார், மரத்துக்குள்ள சோறு இருக்கு!" என்று கூவினாள். வண்டு ஏன் வருகிறது என்பதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதே வாரத்தில் அப்பா தம் பழைய உளியோடு பள்ளிக்கு வந்து, காயம் படாமல் பட்டை சீவுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். தலைமையாசிரியரும் வந்து நின்று பார்த்தார்.

அன்பார்ந்த பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! கெப்போங் வனம் கோலாலம்பூருக்கு அருகிலேயே இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். ஒருமுறை அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். நாம் உழைத்த மரத்தைப் பற்றி நமக்கே தெரியாத செய்திகள் அங்கே இருக்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் அறிவு லயத்து வாசலுக்கு வந்து சேர யாராவது சுமந்து வர வேண்டும். அது நம் வேலைதான்.

அந்த மரத்துண்டு இப்போது அப்பாவின் அலமாரியில், உளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியில் ஒரு வெள்ளைத் தாள் விரித்திருக்கிறார். வாரம் ஒருமுறை துண்டைத் தூக்கித் தாளைப் பார்க்கிறார். இதுவரை ஒரு பொட்டுப் பொடிகூட விழவில்லை.